மார்பா, சினைப்பையா? மரபணு அறிக்கை கைக்கு வந்த பிறகு

மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் பிஆர்சிஏ1 மரபணுவில் இருக்கிறது என்று அறிக்கை வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: மார்பை எடுத்துவிடலாமா? 2013 மே மாதம் ஏஞ்சலினா ஜோலி தன் இரு மார்பகங்களையும் நோய் வருமுன்பே எடுத்துக்கொண்டதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. 2015இல், 39 வயதில், அவர் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டார். அந்தச் செய்தி நம் ஊர்ப் பேச்சுக்குச் சரியாக வந்து சேரவே இல்லை. அவருடைய அம்மா 56 வயதில் சினைப்பைப் புற்றுநோய்க்குப் பலியானவர் என்பதும் பலருக்கு நினைவில்லை.

என் கட்சி இது. மார்பைப் பற்றி முடிவெடுக்க ஒரு பெண்ணுக்கு அவகாசம் இருக்கிறது. நியாயமான வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. சினைப்பை விஷயத்தில் நம்பக்கூடிய வழி ஒன்றுதான் இருக்கிறது: எடுத்துவிடுவது. எந்த வயதில் என்பதில் மட்டும்தான் கொஞ்சம் பேரம் பேசலாம். ஆனால் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மார்புக்காக மாதக்கணக்கில் அழுகையும் ஆலோசனையும் நடக்கின்றன. சினைப்பைக்கு "அதற்கு ஆண்டுதோறும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரே வரியில் பதில் கிடைக்கிறது. அந்த ஒரு வரிதான் ஆபத்தானது.

பேச வசதியாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மதுரைப் பக்கம். அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார். மூத்த மகளுக்கு 39 வயது, இரண்டு பிள்ளைகள். இளைய மகளுக்கு 27; வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு தம்பி, அவருக்கு ஒரு மகன். அம்மாவைப் பெற்ற பாட்டி ஐம்பதுகளில் வயிற்றில் நீர் கோத்து இறந்தார். அந்தக் கடைசித் தகவல் யாரும் கேட்காமல் வெளியே வராது. வயிறு வீங்கி, மஞ்சள் நீர் எடுக்க எடுக்கச் சேர்ந்து, சில மாதங்களில் போய்விட்ட பாட்டிமார்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது சினைப்பைப் புற்றுநோய். குடும்பத்தார் அதைக் கல்லீரல் கோளாறு என்றோ வயிற்றுக்கட்டி என்றோ நினைவில் வைத்திருப்பார்கள். மரபணு ஆலோசகர் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டு மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரையும்போது, இந்தப் பாட்டிக்கான வட்டத்தை, நோய் வந்தவர் என்று கறுப்பாக்குவதா வேண்டாமா என்ற இடத்தில்தான் பேனா நிற்கும்.

யாருடைய ரத்தம் முதலில்?

பரிசோதனைக்கு முன்வருவது பெரும்பாலும் மகள்தான். நோய் வந்து குணமான அம்மா, "எனக்கு இனிமேல் எதற்கு? அவளுக்குப் பாருங்கள்" என்று ஒதுங்கிக்கொள்வார். இது பணத்தை வீணாக்கும் வழி. நோய் வந்தவரின் ரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவரிடம் மாற்றம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், விடையும் ஆம் அல்லது இல்லை என்று திட்டமாக வரும். மகளை மட்டும் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால் அதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். அம்மாவிடம் இருந்தது மகளுக்கு வரவில்லை என்பது ஒன்று. அம்மாவின் நோய்க்குக் காரணமான மாற்றம் இந்தப் பரிசோதனையில் சிக்காத வேறொன்று என்பது மற்றொன்று. முதலாவது நிம்மதி தரும். இரண்டாவது தராது. அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று பிரிக்க முடியாது.

முதல் ஆளுக்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களை மட்டும் பார்ப்பதா, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்க்கும் தொகுப்புப் பரிசோதனையா? நான் தொகுப்பின் பக்கம். மார்பகப் புற்றுநோய் வரும் குடும்பத்தில் காரணம் பிஆர்சிஏ என்றே முன்கூட்டி முடிவுகட்ட முடியாது. அதற்கு ஒரு விலை உண்டு. கேட்கும் கேள்விகள் கூடக்கூட, "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்ற பதிலும் கூடும். இந்தியர்களின் மரபணுத் தரவுகள் உலகச் சேகரிப்புகளில் குறைவாக இருப்பதால் நமக்கு இந்தப் பதில் மேலும் அடிக்கடி வருகிறது. இப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை பிற்பாடு தீங்கற்றவை என்றே வகைப்படுத்தப்படுகின்றன. எனவே அதை நம்பி ஒரு உறுப்பையும் எடுக்கக் கூடாது. ஓர் ஆண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று கேட்டால் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சொல். எச்சிலைக் குழாயில் துப்பி அஞ்சலில் அனுப்பும் வணிகப் பரிசோதனைகள் இருக்கின்றன. 23அண்ட்மீ நிறுவனம் 2018இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றபோது அது பார்த்தது பிஆர்சிஏ மரபணுக்களில் மூன்றே மூன்று மாற்றங்களை. அவை அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அவர்களில் சுமார் நாற்பதில் ஒருவருக்கு அவற்றுள் ஒன்று இருக்கிறது. அறியப்பட்ட நோய்தரும் மாற்றங்களோ ஆயிரக்கணக்கில். யாழ்ப்பாணத்துக் குடும்பமோ காரைக்குடிக் குடும்பமோ அந்த மூன்றில் "இல்லை" என்று வந்ததை நம்பி நிம்மதி அடைவதில் பொருளே இல்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை: மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழியை மட்டும் கேட்பது. இந்த மாற்றம் அப்பாவிடமிருந்தும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பில்தான் வருகிறது. அப்பாவுக்கு நோய் வராமலே இருக்கலாம். அவருடைய அக்கா தங்கைகளைப் பற்றிக் கேட்டால்தான் சங்கதி தெரியும். அத்தைகளின் கதை பல வீடுகளில் கலியாணத்தோடு முடிந்துபோவதால் இந்தப் பக்கம் விட்டுப்போகிறது.

சினைப்பை: பேரம் எதில்?

எண்களைப் பார்ப்போம். 2017இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்று மாற்றம் உள்ள பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தது. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 72 விழுக்காடு, பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 69. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17. பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களிலிருந்து வந்த எண்கள் இவை. நம் குடும்பங்களுக்கு ஓரளவு மாறலாம்.

72 என்ற எண் 44ஐ மறைத்துவிடுகிறது. ஆனால் எண்ணின் பருமனை மட்டும் பார்த்தால் போதாது. நோய் எந்த நிலையில் பிடிபடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்பில் சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிறு முழுக்கப் பரவிய பிறகே தெரிகிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் எதற்கு இருக்கின்றன என்று கேட்கலாம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்திய சோதனையின் இறுதி முடிவு 2021இல் வந்தது. ஆண்டுதோறும் பரிசோதித்ததால் இறப்பு குறையவில்லை. அது பொதுவான பெண்களிடம் நடத்தியது. மரபணு மாற்றம் உள்ளவர்களிடமும் பரிசோதனை உயிர் காக்கிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆக "ஆண்டுதோறும் ஸ்கேன்" என்பதை ஒரு மாற்று வழியாகப் பட்டியலில் வைப்பதே சரியில்லை. அறுவைக்கான வயது வரும் வரையிலான இடைக்காலத்தில் வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

எடுத்துவிட்டால் ஆபத்து சுமார் 80 விழுக்காடு குறைகிறது. பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்தவுடன் என்பது வழிகாட்டுதல். பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு நோய் சற்றுப் பிந்தி வருவதால் 40 முதல் 45 வரை காத்திருக்கலாம். நம் கற்பனைக் குடும்பத்தில் அம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் பிஆர்சிஏ1 மாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகளுக்கு 39. அவள் மேசையில் இருக்கும் முதல் கோப்பு இதுதான்.

அவள் இழப்பது என்ன? கருவுறும் வாய்ப்பு போகிறது. அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய இழப்பு வேறு: மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடும். இயல்பாக நான்கைந்து ஆண்டுகளில் மெல்ல நடப்பது மயக்க மருந்து தெளிவதற்குள் நடந்து முடிந்திருக்கும். உடம்பெல்லாம் திடீர் அனல், தூக்கமின்மை, உடலுறவில் வறட்சி, எலும்புத் தேய்வு, காலம் போகப்போக இதயத்துக்கும் சுமை. "வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே" என்று மாமியாரோ மருத்துவரோ தட்டிக்கழிக்கக் கூடிய விஷயம் இல்லை இது. மார்பகப் புற்றுநோய் வராதவர் என்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பது வரை ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம். பலர் பயந்துபோய் இதைக் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். ஏற்கெனவே நோய் வந்த அம்மாவுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது.

இடையில் ஒரு வழி பேசப்படுகிறது. இந்த வகைப் புற்றுநோய்களில் பெரும்பகுதி சினைப்பையில் பிறப்பதில்லை, கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் பிறக்கிறது என்று நோய்க்குறியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் இப்போது குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு, சினைப்பைகளை ஐந்தாறு ஆண்டு கழித்து எடுத்தால் என்ன? கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஹார்மோனும் இருக்கும், நோய் பிறக்கும் இடமும் போகும். பல நாடுகளில் இதற்கான சோதனைகள் நடக்கின்றன. அவற்றின் முழு விடை வர ஆண்டுகள் ஆகும். என் பார்வையில் 33 வயதில் இருப்பவர் மருத்துவரோடு இதைப் பேசலாம். 39இல் பிஆர்சிஏ1ஓடு இருப்பவர் இதைப் பற்றிக்கொண்டு காலம் தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன்.

நம் ஊருக்கே உரிய இரண்டு குழப்பங்கள் உண்டு. முதலாவது குடும்பக் கட்டுப்பாடு அறுவை. "எனக்குத்தான் குழாயை வெட்டிக் கட்டிவிட்டார்களே" என்பார்கள். அதில் குழாயின் நடுப்பகுதியில்தான் கை வைக்கிறார்கள். பெரும்பாலும் ஆபத்தான நுனி அப்படியே இருக்கிறது. இரண்டாவது கர்ப்பப்பை நீக்கம். நாற்பதுகளில் அதிக உதிரப்போக்குக்காக கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சினைப்பையும் சேர்ந்து போனதா என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். டிஏஎச் என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பிஎஸ்ஓ என்ற மூன்று எழுத்தும் இருந்தால் இருபக்கக் குழாயும் சினைப்பையும் சேர்ந்து போயிருக்கின்றன. ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும் அந்தத் தாளில் உள்ள மூன்று எழுத்து ஒரு முழு அறுவையைத் தீர்மானிக்கும்.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். எடுத்த உறுப்பை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது இவருக்கு மரபணு மாற்றம் இருக்கிறது என்று சீட்டில் எழுதியனுப்பச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் குழாயில் ஒன்றிரண்டு துண்டு வெட்டிப் பார்த்து முடித்துவிடலாம். எழுதினால் நுனி முழுவதையும் மெல்லிய வில்லைகளாக அரிந்து பார்ப்பார்கள். நோயே இல்லை என்று நம்பி அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றில் சிலருக்கு அங்கே கண்ணுக்குத் தெரியாத புற்று ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மார்பு: மூன்று வழிகள்

72 விழுக்காடு என்பது ஆயுள் கணக்கு. அதை இந்த ஆண்டுக் கணக்காகப் படித்துவிட்டு மறுநாள் அறுவைக்குத் தேதி கேட்பவர்கள் உண்டு. உச்ச ஆபத்துள்ள வயதிலும் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் நோய் வருகிறது. ஆறு மாதம் யோசிக்கலாம், இரண்டாவது மருத்துவரைப் பார்க்கலாம். அந்த ஆறு மாதத்தில் கண்காணிப்பு மட்டும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

கண்காணிப்பு என்றால் 25 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு எம்ஆர்ஐ. 30இலிருந்து அதோடு மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும். இளம் வயதில் மேமோகிராம் மட்டும் போதாது. அடர்த்தியான மார்புத் திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். தயிர்சாதத்தில் தேங்காய்த் துருவலைத் தேடுவதுபோல ஆகிவிடும். எம்ஆர்ஐயில் குப்புறப் படுக்க வேண்டும். பலகையில் உள்ள இரண்டு குழிகளில் மார்புகள் தொங்கும். கையில் ஊசி வழியாக மருந்து ஏறும். அரை மணி நேரம் தடதடவென்ற சத்தத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் எடுத்தால் தெளிவாக இருக்கும். மற்ற நாட்களில் ஹார்மோன் காரணமாகத் தவறான சந்தேகங்கள் கூடும். எம்ஆர்ஐ இயந்திரம் இருக்கும் இடமெல்லாம் மார்புக்கான தனிக் கருவி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எம்ஆர்ஐயில் மட்டும் தெரியும் ஒரு புள்ளியை அதே எம்ஆர்ஐ வழிகாட்டுதலில் பயாப்சி எடுக்க முடியுமா என்றும் முன்பே கேளுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் எடுத்தால் ஒரு சந்தேகத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைய நேரும்.

கண்காணிப்பு நோயைத் தடுப்பதில்லை, சீக்கிரம் பிடிக்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் ஏற்றிக்கொண்டுதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஆர்சிஏ1இல் வருவது பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2 என்ற புரதமும் இல்லாத வேகமான வகை. ஒரு சென்டிமீட்டரில் பிடித்தாலும் கீமோதெரபியிலிருந்து தப்ப முடியாமல் போகலாம். உயிர் தப்பும், ஆனால் அந்த ஆண்டு போய்விடும்.

முன்கூட்டியே இரு மார்பகங்களையும் எடுத்தால் நோய் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. தோலடியிலும் அக்குள் ஓரத்திலும் கொஞ்சம் திசு தங்குவதால் பூஜ்யம் ஆவதில்லை. காம்பைக் காப்பாற்றி உள்ளே சிலிகான் வைத்தோ வயிற்றுத் திசுவை எடுத்துவைத்தோ உருவத்தை மீட்கலாம். உருவம்தான் மீளும். தொடு உணர்ச்சி பெரும்பாலும் மீளாது. பால் கொடுக்க முடியாது. சிலிகானை வாழ்நாளில் ஒருமுறையாவது மாற்ற நேரிடலாம். இவை எல்லாம் அறுவைக்கு முன் ஒரு பெண்ணிடம் பச்சையாகச் சொல்லப்பட வேண்டும். ஜாக்கெட் அளவு மாறாது என்ற ஆறுதல் மட்டும் போதாது.

உயிர் என்ற ஒரே அளவுகோலில் இரண்டையும் எடைபோட்டால்? நெதர்லாந்தில் மாற்றம் உள்ள பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பிஆர்சிஏ1 உள்ளவர்களில் அறுவை செய்துகொண்டோர் கண்காணிப்பில் இருந்தோரைவிடக் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். பிஆர்சிஏ2 உள்ளவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறப்பதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆக பிஆர்சிஏ2 என்றால் ஒழுங்காக எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு மார்பை வைத்துக்கொள்வது முழுக்க நியாயமான முடிவு. அப்படி முடிவெடுத்த பெண்ணை "துணிச்சல் இல்லாதவள்" என்று பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. பிஆர்சிஏ1இல் தராசு அறுவையின் பக்கம் சற்றுச் சாய்கிறது. இருந்தாலும் அது அவசரம் இல்லை.

மூன்றாவது வழி மாத்திரை. டாமோக்சிஃபென் ஐந்து ஆண்டு எடுத்தால் ஆபத்து அதிகமுள்ள பெண்களிடம் நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 1998இல் வெளியான அமெரிக்கச் சோதனை காட்டியது. ஆனால் அது ஹார்மோனை நம்பி வளரும் கட்டிகளைத்தான் தடுக்கும். பிஆர்சிஏ2இல் அந்த வகை அதிகம், பிஆர்சிஏ1இல் குறைவு. அதனால் நம் குடும்பத்துக்கு இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது. எடுத்துக்கொள்ளும் காலத்தில் கருத்தரிக்கவும் கூடாது.

சினைப்பையை எடுத்தால் மார்பகப் புற்றுநோயும் பாதியாகக் குறையும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அந்த நம்பிக்கையை, குறிப்பாக பிஆர்சிஏ1 விஷயத்தில், தளர்த்திவிட்டன. ஓர் அறுவையில் இரண்டு லாபம் என்று யாராவது கணக்குச் சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மூத்தவளுக்கு என் விடை: நாற்பது முடிவதற்குள் சினைப்பையும் குழாயும், அதுவரை எம்ஆர்ஐ தவறக் கூடாது, மார்பு அறுவை அவள் விருப்பம், அவள் நேரம். இளையவளுக்கு இப்போது அறுவை எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு எம்ஆர்ஐ. பிள்ளை வேண்டும் என்றால் முப்பத்தைந்துக்குள் திட்டமிடுவது நல்லது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் காலம் சினைப்பை ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கிறது; மார்பில் ஆபத்தைச் சிறிது கூட்டலாம். இதை மருத்துவரோடு எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். வரன் வீட்டுக்குச் சொல்வதா என்ற கேள்வி இருக்கிறது. மணம் பேசி முடிக்கும் முன் மாப்பிள்ளையிடம், அவள் வாயால், அவள் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம். தரகர் வழியாகச் சொல்லும் செய்தி இல்லை இது.

அம்மாவுக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு முதல் மார்பில் நோய் வந்து 20 ஆண்டுக்குள் மறு மார்பிலும் வரும் வாய்ப்பு 40 விழுக்காடு. அவருடைய சினைப்பையும் இன்னும் உள்ளேயே இருந்தால், வயது என்னவானாலும் அதுதான் முதல் வேலை.

வேறு மரபணு என்றால் வேறு கணக்கு

அறிக்கையில் பிஆர்சிஏவுக்குப் பதில் டிபி53 என்று இருந்தால் மேலே எழுதியதில் பாதி செல்லாது. 1969இல் ஃபிரெடரிக் லீ, ஜோசப் ஃபிராமேனி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விசித்திரமான சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகளுக்குத் தசைப் புற்று, அவர்களின் இளம் தாய்மாருக்கு மார்பகப் புற்றுநோய். அதே குடும்பங்களில் மூளைக் கட்டி, ரத்தப் புற்று, அட்ரினல் சுரப்பிக் கட்டி. இதற்குக் காரணம் டிபி53 மாற்றம் என்று பிற்பாடு தெரிந்தது. இருபதுகளிலேயே மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணைக் கண்டால், "வீட்டில் குழந்தைக்கு யாருக்காவது கட்டி வந்ததா?" என்று கேட்க வேண்டியது இதனால்தான். இங்கே ஒப்பீடே மாறுகிறது. வழக்கமாக, சிறு கட்டிக்கு மார்பைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு கொடுப்பதும் முழுதாக எடுப்பதும் உயிர் காப்பதில் சமம். டிபி53 உள்ளவருக்குக் கதிர்வீச்சு பட்ட இடத்தில் புதிய புற்று கிளம்பலாம். கூடுமானவரை கதிர்வீச்சைத் தவிர்த்து மார்பை எடுப்பதே தேர்வு. அதனால் மிக இளம் வயது நோயாளிக்கு மரபணு முடிவு வரும் வரை, முடிந்தால், அறுவையின் வகையை முடிவுசெய்யாமல் இருப்பது நல்லது. பிஆர்சிஏ பரிசோதனையைச் சிறு குழந்தைகளுக்குச் செய்வதில்லை. வளர்ந்து அவர்களே முடிவெடுக்கட்டும் என்று விடுகிறோம். டிபி53இல் குழந்தைக்கும் பார்க்கிறார்கள், ஏனென்றால் நோயே குழந்தைப் பருவத்தில் வருகிறது, முழு உடல் எம்ஆர்ஐயும் அடிக்கடி வயிற்று ஸ்கேனும் பயன் தருகின்றன.

சிடிஎச்1 மாற்றத்தில் மார்போடு இரைப்பையும் சேர்கிறது. அங்கே பேசப்படும் தடுப்பு அறுவை முழு இரைப்பை நீக்கம். பிடென் மாற்றத்தில் தைராய்டும் கருப்பையும் சேர்கின்றன. பிடென் சந்தேகம் வந்தால் ஆலோசகர் முதலில் எடுப்பது ஒரு தையல் நாடாவை. பெண்ணின் தலைச் சுற்றளவு 58 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார். பிஏஎல்பி2 பிஆர்சிஏவுக்கு அண்டை வீடு: 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய ஐம்பது விழுக்காடு, சினைப்பையில் ஐந்து.

செக்2, ஏடிஎம் இரண்டும் நடுத்தரம். பின்னதற்கும் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பில்லை. ஆயுள் வாய்ப்பு இருபது முப்பது விழுக்காட்டு அளவில் இருக்கும். இந்த மாற்றம் ஒன்றை மட்டும் காரணம் காட்டி மார்பை எடுப்பது என் கணக்கில் மிகை. எம்ஆர்ஐ கண்காணிப்பு போதும். அறிக்கையில் "நோய் உண்டாக்கும் மாற்றம்" என்ற சிவப்பு எழுத்து பிஆர்சிஏ1இலும் செக்2இலும் ஒரே மாதிரிதான் அச்சாகிறது. எந்த மரபணு என்பதைப் பார்க்காமல் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

மாமா வீடு

குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியானால் அடுத்து சொல்ல வேண்டியது தங்கைகளுக்கு மட்டும் இல்லை. அம்மாவின் தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்கு, குறிப்பாக பிஆர்சிஏ2இல், புராஸ்டேட், கணையப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. அரிதாக மார்பிலும் வரும். அவர்கள் மூலம் மகள்களுக்கும் போகும். ஆனால் "பெண்கள் சமாச்சாரம்" என்று ஆண்களிடம் சொல்லாமலே விடுகிறோம்.

நம் குடும்பங்களில் இதற்கு இன்னொரு முனை உண்டு. இளையவளை மாமா மகனுக்கே கொடுக்கலாம் என்று பேச்சு வந்தால்? அவளுக்கு மாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாமாவுக்குப் பாதி வாய்ப்பு, அவர் மகனுக்கு அதில் பாதி, அதாவது நான்கில் ஒன்று. பிஆர்சிஏ2, பிஏஎல்பி2 போன்றவற்றில் கணவன் மனைவி இருவருக்கும் மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாகி ஃபான்கோனி ரத்தசோகை வரலாம். எலும்பு மஜ்ஜை செயலிழந்து, சிறு வயதிலேயே புற்று வரும் கடுமையான நோய் அது. ஏடிஎம்மில் இரண்டு பிரதியும் பழுதானால் நடை தள்ளாடும் நரம்பு நோய். பிஆர்சிஏ1இல் இப்படிப் பிறந்து பிழைப்பது மிக அரிது. சொந்தத்தில் மணம் முடிப்பவர்கள் பேச்சு உறுதியாகும் முன் மாப்பிள்ளைக்கும் அந்த ஓர் இடத்தைப் பார்த்துவிட்டால் விடை தெரிந்துவிடும்.

மாமாவிடம் யார் சொல்வது? மருத்துவமனை நேரே அவரை அழைத்துச் சொல்லாது, தகவல் நோயாளியுடையது. அக்காதான் சொல்ல வேண்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். "தம்பி, எனக்கு வந்தது நம் அம்மா வழியாக வந்ததாம். உனக்கும் இருக்கலாம், உன் மகனுக்கும் இருக்கலாம். இந்தத் தாளைக் காட்டி ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிடு" என்றால் போதும். அந்தத் தாள் முக்கியம். மரபணுவின் பெயரும் மாற்றத்தின் குறியீடும் அச்சான பக்கத்தின் நகல் கையில் இருந்தால் அவருக்கு அந்த ஓர் இடத்தைப் பார்க்கும் மலிவான பரிசோதனை போதும். இல்லையென்றால் மறுபடியும் முழுத் தொகுப்பில் தொடங்க வேண்டியிருக்கும். மாமாவுக்கு இல்லை என்று வந்துவிட்டால் அவர் மகனுக்கு இந்த மாற்றத்துக்காகப் பரிசோதனையே தேவையில்லை.